அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்தவர்கள்

நெருக்கடியில் தவிக்கும் இளையோரின் பக்கத்தில் உட்காருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள்? மலாக்காவின் தோட்டப்புறங்களிலும் நகரங்களிலும் வாழும் நம் குடும்பங்கள் அவர்களிடம் எதைக் கற்றுக்கொள்ளலாம்?

இடைநிலைப்பள்ளி வகுப்பறை ஒன்றில் 40 மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டு 13 முதல் 17 வயது மாணவர்களிடம் நடத்திய தேசிய ஆய்வின் விகிதத்தை அந்த வகுப்புக்குப் பொருத்திப் பாருங்கள். ஏறக்குறைய 11 பேர் மனச்சோர்வில் இருப்பார்கள் (26.9 விழுக்காடு). 5 பேர், கடந்த 12 மாதங்களில் தற்கொலையைப் பற்றி எண்ணிப் பார்த்திருப்பார்கள் (13.1 விழுக்காடு). ஏறக்குறைய 4 பேர் அதற்கு முயன்றே இருப்பார்கள் (9.5 விழுக்காடு). 2017-இல் இதே ஆய்வில் முயற்சி செய்தவர்கள் 6.9 விழுக்காடு. ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம்.

அந்த நால்வரும் நேற்றும் பள்ளிச் சீருடை அணிந்துதான் வந்தார்கள். பக்கத்து மேசை நண்பனுக்குத் தெரியாது. வீட்டில் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களைக் கண்டறிந்து, அந்த இரவைக் கடக்க வைத்து, மறுநாளுக்கு ஒரு வழி செய்து கொடுப்பதுதான் மனநல நெருக்கடிப் பணியாளரின் வேலை.

யார் இவர்கள்?

நம் நாட்டில் இந்த வேலைக்கு ஒரே பதவிப் பெயர் கிடையாது. பள்ளியின் வழிகாட்டி ஆலோசனை ஆசிரியர் இதைச் செய்கிறார். மலாக்கா மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மனநல மருத்துவரும் தாதியரும் மருத்துவமனை சமூகப் பணியாளரும் செய்கிறார்கள். நள்ளிரவில் தொலைபேசியை எடுக்கும் தன்னார்வலர் செய்கிறார். சமூகநல இலாகா அதிகாரி, போலீஸ்காரர், தீயணைப்பு வீரர் ஆகியோரும் சில வேளைகளில் இந்த இடத்தில் நிற்கிறார்கள்.

பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. இவர்கள் நல்ல புத்திமதி சொல்லி மனத்தை மாற்றிவிடுவார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் நெருக்கடி நேரத்தில் புத்திமதிக்கு இடமே இல்லை. “உனக்கு என்ன குறை? நாங்கள் படாத கஷ்டமா?” என்ற வாசகத்தை அந்தப் பிள்ளை ஏற்கெனவே பல முறை கேட்டுவிட்டது. பணியாளர் செய்வது மூன்று காரியங்கள்: அவசரப்படாமல் கேட்பது, ஆபத்து எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்று கணிப்பது, அடுத்த சில மணி நேரத்துக்குப் பாதுகாப்பான ஏற்பாட்டைச் செய்வது. கடனும் காதலும் தேர்வு முடிவும் பிறகு பேசவேண்டியவை. முதலில் உயிர் இருக்க வேண்டும்.

நேராகக் கேட்பது

இந்தத் தொழிலில் மிகக் கடினமான பாடம் ஒரு கேள்வி. எடுத்துக்காட்டுக்கு, ஜாசின் பக்கம் ஒரு பள்ளியின் ஆலோசனை அறையில், படிவம் 4 மாணவன் ஒருவனோடு இப்படி ஓர் உரையாடல் நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்:

“ஒண்ணுமில்ல டீச்சர். தூக்கம் வரல, அவ்வளவுதான்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

“ராத்திரி முழிச்சிருக்கிறப்ப என்னப்பா யோசிப்ப?”

“என்னால வீட்டுல எல்லாருக்கும் தொல்லைதான்.”

“அப்படித் தோணுறப்ப, செத்துப் போயிடலாம்னு நினைச்சிருக்கியா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “ம்.”

“சொன்னது நல்லதுப்பா. அவசரமில்ல, மெதுவா சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்.”

“செத்துப் போயிடலாம்னு நினைச்சிருக்கியா” என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிட்டதாக ஆகாதா? பெற்றோர் பலரின் அச்சம் இதுதான். உலகெங்கும் நடந்த ஆய்வுகள் இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்கின்றன. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மாதக்கணக்கில் உள்ளே பூட்டிவைத்ததை வெளியே சொல்ல ஒரு வாசல் திறக்கிறது, அவ்வளவுதான். சுற்றிவளைத்து “தப்பா எதுவும் யோசிக்கலயே?” என்று கேட்டால், “இல்லை” என்ற பதிலைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம் என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும். அதையே சொல்லிவிட்டு எழுந்து போய்விடும்.

எண்ணம் இருப்பதாகச் சொன்னால், அடுத்து வரும் கேள்விகளும் நேரானவையே. எப்போதிலிருந்து? எப்படி என்று யோசித்ததுண்டா? இதற்கு முன் முயன்றதுண்டா? இன்று இரவு யாரோடு இருப்பாய்? இந்தப் பதில்களை வைத்துத்தான், இவனை மாலையில் வீட்டுக்கு அனுப்பலாமா, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டுமா என்று பணியாளர் முடிவெடுக்கிறார்.

நம் மொழியில் ஒரு சிக்கல்

தமிழ்க் குடும்பங்களோடு பழகியவருக்கு மட்டுமே பிடிபடும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. நம் வீட்டுப் பேச்சில் சாவு மலிந்து கிடக்கிறது. “நான் செத்தாதான் உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்று அம்மா சலித்துக்கொள்வார். “எங்கேயாவது போய்த் தொலை” என்று அப்பா கத்துவார். இதைக் கேட்டு வளர்ந்த பெண், ஒருநாள் “எனக்கு வாழவே பிடிக்கல” என்று சொன்னால், வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதுவும் அன்றாடப் பேச்சாகிவிடுகிறது.

இன்னொரு பக்கம், உண்மையான வேதனை வேறு சொற்களில் வருகிறது. “நெஞ்சு படபடன்னு இருக்கு.” “உடம்பு ஒரு மாதிரி இருக்கு.” “தலை பாரமா இருக்கு.” இப்படிச் சொல்லிக்கொண்டு பல முறை கிளினிக் படியேறி, மாத்திரையோடு திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய்மொழி வகுப்பறை, கைப்பேசியில் ஆங்கிலம் என்று வளரும் இளையோருக்கு, தன் மனநிலையைச் சொல்ல எந்த மொழியிலும் முழுச் சொல் கிடைக்காமல் போவதும் உண்டு. “டென்ஷன்” என்ற ஒரே சொல்லுக்குள் கோபம், அவமானம், பயம், தனிமை எல்லாம் அடைந்து கிடக்கும். தமிழ் தெரிந்த பணியாளர் அதைப் பிரித்தெடுப்பார். தெரியாதவர் எவ்வளவு திறமைசாலியானாலும், அம்மாவிடம் பேச மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்கும். அந்த மொழிபெயர்ப்பாளர் வேலை பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் தலையிலேயே விழும் என்பதுதான் கொடுமை.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் உருவானது மலாக்காவில்தான். 1896-இல் தான் சே யான் என்ற சீனத் தொழிலதிபர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். பிறகு புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. அதன் பின்னால் வந்த தோட்டங்களில் நம் முன்னோர் பால் மரம் வெட்டினார்கள். லயத்து வீடுகளில் சுவர் மெல்லியது. ஒரு வீட்டில் அழுதால் நாலு வீட்டில் கேட்கும். அதனால் மானமும் போகும். ஆனால் யாராவது ஒருவர் கதவைத் தட்டவும் செய்வார்.

ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் நகர்ந்தன. இன்று ஆயர் குரோவிலும் பத்து பெரெண்டாமிலும் தொழிற்சாலை வேலைநேரம் மாறி மாறி வருகிறது. அப்பா இரவு வேலை முடிந்து வரும்போது அம்மா பகல் வேலைக்குப் போகிறார். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். பதினைந்து வயதுப் பிள்ளை, பூட்டிய கதவுக்குப் பின்னால் கைப்பேசியோடு தனியே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது.

லயத்தில் மறைக்க இடமில்லை. அடுக்குமாடியில் கவனிக்க ஆளில்லை. நெருக்கடிப் பணியாளர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். கவனிக்க வேண்டும், ஆனால் ஊர் வாயில் விழாமல் கவனிக்க வேண்டும்.

இரகசியம் எதுவரை?

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்.” உண்மையைச் சொன்ன பிள்ளை, அநேகமாக அடுத்த மூச்சில் கேட்பது இதைத்தான்.

நாட்டில் ஆலோசகர் தொழிலை 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் நெறிப்படுத்துகிறது. தன்னிடம் சொல்லப்பட்டதைக் காப்பது பதிவுபெற்ற ஆலோசகரின் கடமை. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று வரும்போது அந்தக் கதவைத் திறந்தே ஆக வேண்டும். நல்ல பணியாளர் இதை முதலிலேயே சொல்லிவிடுவார்: “நீ சொல்றதை ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா மறைக்கவும் மாட்டேன். யார்கிட்ட, எப்படிச் சொல்றதுன்னு உன்னைக் கேட்டுத்தான் செய்வேன்.” சில வீடுகளில் அம்மாவைவிடச் சித்தியிடமோ தாத்தாவிடமோ முதலில் சொல்வது நல்லது. வீட்டிலேயே அடி உதை, பாலியல் தொல்லை என்றால் கதை வேறு. அங்கே 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின்கீழ் சமூகநல இலாகாவின் பாதுகாப்பை நாட வேண்டியிருக்கும்.

பெற்றோரை எதிர்கொள்வது பாதி வேலை. செய்தி கேட்டதும் சிலர் அழுவார்கள், சிலர் அடிக்கக் கை ஓங்குவார்கள், சிலர் “யாரோ செய்வினை வெச்சுட்டாங்க” என்பார்கள். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று அனுபவமுள்ள பணியாளர் சொல்வதில்லை. “கோயிலுக்கும் போங்க, நாளைக்குக் காலையில மருத்துவமனைக்கும் வாங்க. மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க” என்பார். நம்பிக்கையோடு சண்டை போட்டுப் பிள்ளையை இழப்பதில் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு தாள், ஒரு தொலைபேசி அழைப்பு

நெருக்கடி தணிந்ததும் பணியாளர் பிள்ளையோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதுகிறார். அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரகரி பிரவுனும் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம் அது. ஆறு பகுதிகள்: நிலைமை மோசமாகப் போகிறது என்பதற்கான அடையாளங்கள், தானே செய்து மனத்தைத் திருப்பக்கூடிய காரியங்கள், போய் இருக்கக்கூடிய இடங்களும் ஆட்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், அழைக்க வேண்டிய மருத்துவ எண்கள், வீட்டில் ஆபத்தானவற்றை அப்புறப்படுத்துவது.

கடைசிப் பகுதியை அற்பமாக எண்ண வேண்டாம். தற்கொலை உந்துதல் பல நேரங்களில் அலைபோல் எழுந்து சில நிமிடங்களிலோ மணி நேரங்களிலோ தணியும். அந்த வேளையில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் உயிர் தப்பும். இலங்கை 1995 முதல் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது; அதன் பிறகு அந்நாட்டின் தற்கொலை வீதம் பாதிக்கும் மேல் குறைந்தது. நம் வீடுகளிலும் மருந்துகளையும் தோட்ட இரசாயனங்களையும் பூட்டி வைப்பது அதே தத்துவம்தான்.

தாளை எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னையும் கொழும்பும் அந்த ஐந்து இடங்களில் அடங்கும். சென்னையில் ‘சினேகா’ அமைப்பை 1986-இல் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அந்த ஆய்வில் பங்காற்றினார். முயற்சிக்குப் பின் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்குக் கூடுதலாக ஒரு மணி நேர உரையாடலும், அடுத்த 18 மாதங்களில் 9 முறை “எப்படி இருக்கீங்க?” என்ற விசாரிப்பும். 2008-இல் முடிவுகள் வெளிவந்தன. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 விழுக்காடு, விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2 விழுக்காடு. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே இல்லை. ஒருவர் மறக்காமல் விசாரித்தார், அவ்வளவுதான்.

இனி இது குற்றமல்ல

பல ஆண்டுகளாக நம் குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போகத் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: போலீஸ் பயம். குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவின்படி தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடிந்தது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்டம் இது. அவர்கள் தங்கள் நாட்டில் 1961-இலேயே இதை நீக்கிவிட்டார்கள். நம் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. அதே ஆண்டு மனநலச் சட்டமும் திருத்தப்பட்டது. போலீசாரும் சமூகநல அதிகாரிகளும் மட்டுமல்லாமல், தீயணைப்பு மீட்புப் படை, பொதுத் தற்காப்புப் படை போன்றவற்றின் அதிகாரிகளும் ‘நெருக்கடித் தலையீட்டு அதிகாரி’ என்ற நிலையில் தலையிட்டு, உயிரைக் காத்து, மருத்துவமனையில் சேர்க்க வழி பிறந்தது.

ஆகவே “கால் வழுக்கி விழுந்துட்டான்”, “மாத்திரையை மாத்திப் போட்டுட்டா” என்று மருத்துவரிடம் கதை சொல்ல வேண்டிய தேவை இனி இல்லை. உண்மையைச் சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

• தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் மாறியிருப்பது. குளிக்காமல், முடி சீவாமல் இருப்பது.
• பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் திடீரென விட்டுவிடுவது.
• “என்னால எல்லாருக்கும் தொல்லை” என்ற பேச்சு. பிரியமான பொருள்களை மற்றவருக்குக் கொடுத்துவிடுவது.
• நீண்ட நாள் சோர்வுக்குப் பிறகு, காரணம் தெரியாமல் திடீரென வரும் அமைதி.
• எஸ்.பி.எம். முடிவு, காதல் முறிவு, இணையத்தில் அவமானம் போன்றவற்றுக்கு அடுத்த சில நாள்கள்.

இவற்றில் ஒன்றைப் பார்த்தால், விசாரணை வேண்டாம். தனியே அழைத்து, கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, நேராகக் கேளுங்கள். பதில் “ஆமாம்” என்றால் திட்டாதீர்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அலோர் காஜாவோ ஜாசினோ மலாக்கா நகரோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கும். அவ்வளவு அவசரமில்லை என்றால் அரசு சுகாதார கிளினிக்கில் தொடங்கலாம். அங்கிருந்து நிபுணரிடம் அனுப்பி வைப்பார்கள்.

இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் வேண்டும்

இளம் தொழிலர்களுக்கும் தொழில் தேடுவோருக்கும் ஒரு வார்த்தை. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் என்ற நம் வீட்டுப் பட்டியலில் இந்தத் தொழிலையும் சேர்க்கும் காலம் வந்துவிட்டது. ஆலோசனைத் துறையில் பட்டம் பெற்று ஆலோசகர் வாரியத்தில் பதிந்துகொள்வது ஒரு வழி. உளவியலில் பட்டம், பிறகு மருத்துவ உளவியலில் முதுகலை என்பது இன்னொரு வழி. அத்தொழில் 2016-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் பதிவுக்கு உட்பட்டது. தாதியர் மனநலத்தில் மேற்பயிற்சி பெறலாம். சமூகப் பணியும் இருக்கிறது. வேறு வேலையில் இருப்பவர்கள், 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கும் ‘பிஃபிரெண்டர்ஸ்’ போன்ற அமைப்புகளில் பயிற்சி பெற்றுத் தன்னார்வலராகலாம்.

இது எளிதான வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லா உயிரையும் காப்பாற்றிவிட முடியாது. இழப்பு நேரும்போது “அந்தக் கடைசிச் சந்திப்பில் எதைக் கவனிக்காமல் விட்டேன்?” என்ற கேள்வி வீட்டுக்குக் கூடவே வரும். அதனால்தான் மூத்தவர் ஒருவரிடம் தன் வேலையைப் பற்றித் தொடர்ந்து பேசுவது இத்தொழிலில் விருப்பம் சார்ந்ததல்ல, கட்டாயம். மற்றவர் பாரத்தைச் சுமப்பவருக்கும் இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும்.

எல்லாரும் இந்தத் தொழிலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் நேராகக் கேட்பது, கேட்டுவிட்டுப் பதறாமல் உட்கார்ந்திருப்பது, அடுத்த வாரமும் மறக்காமல் விசாரிப்பது ஆகிய மூன்றையும் எந்த அப்பாவும், எந்த அக்காவும், எந்த ஆசிரியரும் கற்றுக்கொள்ளலாம். இன்றிரவு உணவு மேசையில் ஒருவர் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினால், அங்கிருந்தே தொடங்கலாம்.

உதவிக்கு அழையுங்கள்

• சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவி எண்: 15555
• பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் (24 மணி நேரம்): 03-7627 2929
• தாலியான் காசே, குடும்ப வன்முறைக்கும் சிறார் பாதுகாப்புக்கும்: 15999
• உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்: 999